219 கிராம் மருந்தின் விலை

2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் சில பெற்றோர் சேர்ந்து ஒரு கொள்முதல் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வாங்க நினைத்தது மாத்திரை. விற்க முன்வந்தது அர்ஜென்டினாவின் காடோர் என்ற மருந்து நிறுவனம். பிள்ளைகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய். அதன் மூலக் கோளாற்றைத் தொடும் ஆர்காம்பி என்ற மருந்தைத் தயாரித்தது அமெரிக்காவின் வெர்டெக்ஸ். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 1,04,000 பவுண்டு என்பது பிரிட்டனில் அதன் பட்டியல் விலை. அந்த விலைக்கு மருந்தின் பயன் ஈடாகாது என்று மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2016இல் பரிந்துரைக்க மறுத்தது. ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி பவுண்டு தருவதாக 2018இல் தேசிய சுகாதாரச் சேவை சொன்னபோது வெர்டெக்ஸ் ஏற்கவில்லை. காடோர் ஆர்காம்பியின் அதே இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து லூகாஃப்டர் என்ற பெயரில் செய்துகொண்டிருந்தது. சங்கத்திடம் பேசப்பட்ட விலை ஆண்டுக்குச் சுமார் 18,000 பவுண்டு.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போன அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் நுரையீரல் காத்திருக்கவில்லை. இந்த நோயில் ஒருமுறை தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பெற்றோர் அவசரப்பட்டதற்கு அதுவே காரணம். காப்புரிமையை மீறி அரசே மருந்தைத் தருவித்துக்கொள்ளும் அதிகாரம் பற்றி நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. கடைசியில் 2019 அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தின் சுகாதாரச் சேவையும் வெர்டெக்ஸும் உடன்பாட்டுக்கு வந்தன. விலை வெளியிடப்படவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அதே நிறுவனத்தின் இன்னும் வலிமையான மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. அதன் பெயர் டிரிகாஃப்டா. ஐரோப்பாவில் காஃப்ட்ரியோ. இந்தக் கட்டுரை அந்த மாத்திரையைப் பற்றியது. அது யாரை எட்டுகிறது, யாரை எட்டவில்லை, எட்டாததற்கு உண்மையான காரணம் எது என்பதைப் பற்றியது.

நோயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் உடலின் ஏழாவது குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கிறது. டொராண்டோவிலும் மிச்சிகனிலும் இயங்கிய லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் அதை 1989இல் கண்டுபிடித்தன. 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தை அந்த மரபணு செய்கிறது. அந்தப் புரதம் செல்லின் சவ்வில் ஒரு மதகு மாதிரி அமர்ந்து குளோரைடு உப்பை உள்ளும் வெளியும் விடுகிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் போகும். மதகு இல்லாவிட்டால் நீர் வராது. மூச்சுக்குழலின் சளி பசையாக இறுகும். இறுகிய சளியில் கிருமிகள் குடியேறி வெளியேற மறுக்கும். கணையத்தின் நாளங்கள் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் குடலுக்கு வந்து சேராது. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் தேறாது. மலம் எண்ணெய்ப் பசையுடன் நாறும். வியர்வையில் மட்டும் கதை தலைகீழ்: உடல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பு வெளியேறிவிடுகிறது.

1938இல் நியூயார்க்கின் டாரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விவரித்தார். பத்தாண்டு கழித்து அதே நகரத்தில் அடித்த வெப்ப அலையில் உப்பிழந்து சுருண்டு விழுந்த குழந்தைகளில் இந்த நோயாளிகள் அதிகம் இருப்பதைப் பார்த்த பால் டி சான்டாக்னீஸ், 1953இல் வியர்வை உப்பின் அளவே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று நிறுவினார். இன்றைக்கும் முதன்மையான பரிசோதனை அதுதான். அந்தக் காலத்தில் இந்த நோயோடு பிறந்த குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டுவது அபூர்வம்.

பழுதான மரபணுவின் இரண்டு பிரதிகளும், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும், சேர்ந்து வந்தால்தான் நோய் வரும். பிழைகளில் இரண்டாயிரம் வகைக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மிகப் பரவலானது, புரதத்தின் 508ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனின் என்ற ஒற்றை அமினோ அமிலம் விடுபட்டுப்போவது. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடியாது; சவ்வுக்கு வரும் முன்பே செல் அதைக் கழிவாகக் கருதி அழித்துவிடும். டிரிகாஃப்டாவில் சேர்ந்திருக்கும் வெர்டெக்ஸின் மூன்று மூலக்கூறுகள் சரிசெய்வது இதைத்தான். எலெக்ஸாகாஃப்டரும் டெசாகாஃப்டரும் புரதம் சரியாக மடிந்து சவ்வுக்கு வந்துசேர உதவுகின்றன. ஐவாகாஃப்டர், வந்து சேர்ந்த மதகு திறந்தபடி இருக்கச் செய்கிறது. 2019இல் வெளியான மருத்துவச் சோதனையில், மருந்து எடுத்தவர்களின் நுரையீரல் திறன் மருந்தில்லாதவர்களோடு ஒப்பிட 14 புள்ளி அளவுக்கு உயர்ந்தது. நுரையீரல் நோய் திடீரென்று முற்றும் நிகழ்வுகள் 63 விழுக்காடு குறைந்தன. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நோய் முழுமையாகக் குணமாவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். ஆயுள் முழுக்க, தினமும் சாப்பிட வேண்டும்.

வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு எடுப்பது எலெக்ஸாகாஃப்டர் 200 மில்லிகிராம், டெசாகாஃப்டர் 100, ஐவாகாஃப்டர் 300. மொத்தம் 600 மில்லிகிராம். ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் 219 கிராம். இந்த 219 கிராமுக்கு 2019இல் அமெரிக்காவில் வைக்கப்பட்ட பட்டியல் விலை 3,11,000 டாலர். இன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய சகாக்களும், மூலப்பொருள் விலை, மாத்திரையாக்கும் செலவு, பொதியிடல், நியாயமான லாபம், வரி எல்லாம் சேர்த்து இதே மருந்தை எவ்வளவுக்குத் தயாரித்து விற்க முடியும் என்று கணக்கிட்டு 2022இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய விடை ஆண்டுக்கு 5,676 டாலர். ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய். அதுவும் சாமானியக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். ஆனால் ஐந்து லட்சத்தை ஓர் அரசு தர முடியும். காப்பீடு தர முடியும். இரண்டரைக் கோடியைத் தர முடியாது.

வெர்டெக்ஸ் தரப்பின் வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். நோயாளிகள் உலகெங்கும் குறைவு. ஆராய்ச்சி இருபதாண்டு நீண்டது. தோற்றுப்போன மூலக்கூறுகளுக்கும் செலவழிந்தது. வரும் பணத்தில் அடுத்த மருந்துகள் உருவாகின்றன. இதில் பொய் இல்லை. அந்த ஆராய்ச்சியின் பெருமையும் உண்மை: மைக்கேல் வெல்ஷ், ஹெசுஸ் கொன்சாலெஸ், பால் நெகுலெஸ்கு ஆகியோருக்கு 2025இல் லாஸ்கர் விருது கிடைத்தது முற்றிலும் தகும். ஆனால் அந்த ஆராய்ச்சியின் முதல் பணம் யாருடையது என்று பார்த்தால் வாதம் தளர்கிறது. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை, நோயாளிக் குடும்பங்கள் திரட்டிய நன்கொடையிலிருந்து, 2000ஆம் ஆண்டில் சான் டியாகோவின் ஆரோரா என்ற சிறு நிறுவனத்துக்கு நான்கு கோடி டாலர் ஒதுக்கியது. ஆரோராவை அடுத்த ஆண்டே வெர்டெக்ஸ் வாங்கியது. அறக்கட்டளையின் ஆதரவு தொடர்ந்தது. மருந்து விற்பனையிலிருந்து தனக்கு வர வேண்டிய பங்குத்தொகையை 2014இல் அறக்கட்டளை 330 கோடி டாலருக்கு விற்றது. பணம் போட்டவர்களுக்கு அது பெரும் லாபம். அந்த ஒப்பந்தத்தில் விலைக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டிருந்தால் என்ற கேள்வி எனக்கு ஓயவில்லை. 2024இல் மட்டும் டிரிகாஃப்டா விற்பனை ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. ஆராய்ச்சிக்கான கைம்மாறு என்று பார்த்தால் பணக்கார நாடுகளிலிருந்தே அது வந்து சேர்ந்துவிட்டது. ஏழை நாடுகளில் மருந்தை மறிப்பதால் கூடுதலாக எதுவும் வருவதில்லை, ஏனென்றால் அங்கே விற்பனையே கிடையாது.

இதே ஹில் குழுவினர் 94 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் இந்த நோயோடு வாழ்பவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 65 விழுக்காடு. மும்மருந்துக் கூட்டைப் பெற்றவர்கள் 12 விழுக்காடு. பெரும்பாலோர் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பார்த்துக் கோபப்படுவார்கள். நான் நடுவிலுள்ள எண்ணைப் பார்க்கச் சொல்வேன். விலையின் பூட்டைத் திறக்கும் சாவிகளில் ஒன்று அங்கே கிடக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் இல்லவே இல்லை என்றுதான் நெடுங்காலம் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளையரின் நோய் என்று பெயர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்களில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் எண்ணம் மாறியது. அந்தக் குடும்பங்களின் கணக்கை வைத்துச் சொல்லப்படும் மதிப்பீடுகள் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பதிலிருந்து லட்சம் பிறப்புக்கு ஒன்று வரை சிதறிக் கிடக்கின்றன. எந்த ஓரத்தை எடுத்தாலும், ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் நூற்றுக்கணக்கிலிருந்து இரண்டாயிரம் வரை புதிய நோயாளிகள் பிறந்துகொண்டிருக்க வேண்டும். அவர்கள் எங்கே? நெஞ்சகச் சிகிச்சைப் பிரிவுகளில் காசநோய் என்று பெயரிடப்பட்டு மாதக்கணக்கில் தவறான மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஆஸ்துமா. சிலர் சத்துக்குறைவு. பலர் எந்தப் பெயரும் வைக்கப்படாமலே இரண்டாம் பிறந்தநாளுக்கு முன் இறந்துபோகிறார்கள்.

டெல்லி எய்ம்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில் மட்டுமே இந்த நோய்க்கென்று தனிக் கவனத்தோடு இயங்கும் குழந்தை மருத்துவர்கள் உண்டு. வெளிநாட்டு வியர்வைப் பரிசோதனைக் கருவிகளின் விலை கட்டுப்படியாகாததால், உள்நாட்டிலேயே எளிய கருவி செய்து பரிசோதனையை நடத்திக்காட்டியவர்கள் நம் மருத்துவர்கள். பைலோகார்பின் என்ற மருந்தைத் தோலில் மெல்லிய மின்னோட்டத்தால் செலுத்தி, சுரக்கும் வியர்வையைச் சேகரித்து, அதிலுள்ள குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் நோய் உறுதி என்றே கொள்ளலாம். ஊசி குத்த வேண்டியதில்லை. இருந்தும் பெரும்பாலான மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இது இல்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான பொதுப் பரிசோதனைத் திட்டங்களிலும் இந்த நோய்க்கு இடமில்லை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத தமிழகத்தில், இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும் நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதை நினைத்தால், வியர்வைப் பரிசோதனை நமக்கு வேலூரோடு நின்றுவிடுவது சரியல்ல.

வெப்ப நாட்டில் இந்த நோய் காட்டும் முகமும் வேறு. கோடை வெயிலில், நுரையீரலில் பெரிய தொல்லை இல்லாத கைக்குழந்தை திடீரென்று வாந்தியெடுத்துத் துவண்டுபோகும். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் சரிந்திருக்கும். சிறுநீரகக் கோளாறோ என்று மருத்துவர்கள் அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள். உப்பு வியர்வை வழியே போய்விட்டது என்று தோன்றிவிட்டால், அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் மருந்து சமையலறை அலமாரியில் இருக்கிறது. மாடுலேட்டர் என்று சொல்லப்படும் கோடி ரூபாய் மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. வாழ்நாளை நீட்டிய முதல் தலைமுறைச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை மலிவாகக் கிடைக்கக்கூடியவை: கணைய நொதிக் கேப்சூல், கொழுப்பில் கரையும் நான்கு வைட்டமின்கள், 7 விழுக்காடு உப்புக்கரைசலை நெபுலைசரில் இழுப்பது, அஸித்ரோமைசின், டோப்ராமைசின், முதுகில் தட்டிச் சளியை இறக்கும் உடற்பயிற்சி. உப்புக்கரைசலின் பயனை உறுதிசெய்த ஆஸ்திரேலிய ஆய்வு 2006இல் வந்தது. கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளின் நுரையீரல் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதைக் கவனித்ததும் அந்த ஆய்வுக்குத் தூண்டுதல்களில் ஒன்று. அந்தத் தலைமுறையில் உண்மையாகவே விலை கூடியது சளியை உடைக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா. அது செல்களில் வளர்த்தெடுக்கும் புரத மருந்து. சாதாரண ஜெனரிக் போல எளிதில் நகலெடுக்க முடியாது. ஆனாலும் ரஷ்யாவின் ஜெனீரியம் நிறுவனம் 2019இலேயே அதற்கு இணையான மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் உயிரித்தொழில்நுட்பத் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. இந்த மருந்தைச் செய்தால் வாங்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் கணக்கு இல்லை.

மும்மருந்துக் கூட்டுக்கு வருவோம். நம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அது பயன்படும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வட ஐரோப்பியரிடம் பத்தில் ஏழு பழுதான மரபணுப் பிரதிகள் அந்த 508ஆம் இடப் பிழையையே கொண்டவை. இந்திய ஆய்வுகளில் அது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய பாதி வரை. மற்றவை அரிய பிழைகள். சில இந்தியக் குடும்பங்களில் மட்டுமே காணப்படுபவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வகச் சோதனைகளை ஏற்று 2020 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும் பட்டியலை விரித்தபோது பல அரிய பிழைகளும் உள்ளே வந்தன. ஆனால் புரதமே உருவாகாத வகைப் பிழைகளுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. ஆகவே மரபணுப் பரிசோதனை செய்யாமல் மாத்திரையைத் தேடி ஓடுவது குடும்பத்தின் பணத்தையும் நம்பிக்கையையும் வீணாக்கும். யாருக்குப் பயன்படும் என்று தெரிந்த பிறகு, அவர்களுக்கு அது கிடைக்காமல் போவதற்கு எந்த மருத்துவக் காரணமும் மிச்சமில்லை. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

2023 பிப்ரவரியில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் ஆகிய நான்கு நாடுகளில் நோயாளிகளும் பெற்றோரும் ஒரே நேரத்தில் காப்புரிமைத் தடையை அகற்றக் கோரினார்கள். மூச்சுவிடும் உரிமை என்பது அந்த இயக்கத்தின் பெயர். அவர்கள் வைத்த குற்றச்சாட்டு எளியது: மருந்தை விற்கப் பதிவு செய்யாத நாடுகளிலும் காப்புரிமை மட்டும் கோரப்படுகிறது. தானும் தருவதில்லை, தருகிறவனையும் விடுவதில்லை. காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்கும் சமூகத்துக்கும் இடையிலான உடன்படிக்கை. குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை. பதிலுக்கு அந்தப் பொருள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். பொருளே வராத இடத்தில் தனியுரிமைக்கு என்ன நியாயம்? இதில் நடுநிலை வகிக்க என்னால் முடியவில்லை.

இந்தியச் சட்டம் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எழுதப்பட்டதல்ல. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, காப்புரிமை வழங்கி மூன்றாண்டு கழிந்த பின் கட்டாய உரிமம் கோர மூன்று அடிப்படைகளைத் தருகிறது: மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, விலை எட்டக்கூடியதாக இல்லை, கண்டுபிடிப்பு இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் இதைப் பயன்படுத்தி, பேயர் நிறுவனத்தின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோவுக்கு உரிமம் கொடுத்தார். மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த மருந்து சுமார் 8,800 ரூபாய்க்கு வந்தது. அந்த ஆணை எதன்மேல் நின்றது என்பதை மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டும். நாட்டில் அந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு இருக்கிறது, எத்தனை பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது என்ற கணக்கின்மேல் நின்றது. தேவைப்பட்டவர்களில் 2 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானவர்களுக்கே கிடைத்தது என்பது நிரூபணமானதும் மற்ற வாதங்கள் வலுவிழந்தன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு அப்படி ஒரு கணக்கை வைக்க நம்மிடம் நாடு தழுவிய பதிவேடு வேண்டும். எண்ணப்படாதவர்களின் தேவையை எந்தக் கட்டுப்பாட்டாளரிடமும் நிரூபிக்க முடியாது. நடுவிலுள்ள எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நெக்சவாருக்குப் பிறகு இந்தியா இன்னொரு கட்டாய உரிமம் வழங்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கதவு துருப்பிடித்திருக்கிறது.

வேறு கதவுகளும் உண்டு. நோவார்ட்டிஸின் கிளிவெக் மருந்துக்கான காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம். பழைய மூலக்கூறுக்குச் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு செல்லும் என்று 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிளிவெக் வழக்கை முடித்துவைத்தது. அண்மையில் இன்னொன்று. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு என்ற அரிய நோய்க்கான ரிஸ்டிப்லாம் மருந்தை நாட்கோ தயாரிப்பதைத் தடுக்க ரோஷ் நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடையை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. முந்தைய பரந்த காப்புரிமையிலேயே இந்த மூலக்கூறு அடங்கியிருந்ததாகத் தெரிவதால் பிந்தைய காப்புரிமை பலவீனமானது என்பது நீதிமன்றம் கண்ட காரணம். ஒரு புட்டி 6.2 லட்சம் ரூபாய் என்றிருந்த மருந்து 15,900 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. ஐவாகாஃப்டரில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வெர்டெக்ஸ் காப்புரிமைகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டியது நம் ஜெனரிக் நிறுவனங்களின் வேலை. அதுவரை கைகட்டி நிற்கவும் அவசியமில்லை: பதிவுக்குத் தேவையான ஆய்வுத் தயாரிப்பைக் காப்புரிமைக் காலத்திலேயே செய்யச் சட்டத்தின் 107ஏ பிரிவு இடம் தருகிறது. அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் அனுமதி பெற்ற அரிய நோய் மருந்துகளுக்கு உள்நாட்டு மருத்துவச் சோதனையிலிருந்து விலக்களிக்கும் ஆணையும் 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது.

அரசு நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் சில அரிய நோய்களுக்கு உள்நாட்டு ஜெனரிக் மருந்துகளை அறிவித்தது. டைரோசினீமியா நோய்க்கான நிடிசினோன் ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாயிலிருந்து 2.5 லட்சத்துக்கு இறங்கியது. வில்சன் நோய்க்கான டிரையன்டைன் 2.2 கோடியிலிருந்து 2.2 லட்சத்துக்கு. அவையும் சிறு மூலக்கூறு மருந்துகள். அவற்றுக்கும் நோயாளிகள் சொற்பம். சந்தை சிறியது என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை, ஏனென்றால் அரசே முன்வந்து தயாரிப்பாளர்களை அழைத்தது.

ஆனால் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. டோர்னேஸ் வகை மருந்து, நல்ல பலனுக்குப் போதிய சான்று உண்டு என்ற மூன்றாம் தொகுதியின் முதல் பிரிவில். மாடுலேட்டர்கள், செலவு மிக அதிகம், நீண்டகால ஆய்வு இன்னும் வரவில்லை என்ற இரண்டாம் பிரிவில். 2021இல் அப்படி எழுதியதைப் புரிந்துகொள்ளலாம். இன்று நீண்டகாலத் தரவு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை மேலே ஏற்றுவதற்குப் புதிய சட்டமோ நீதிமன்ற உத்தரவோ தேவையில்லை. ஒரு நிபுணர் குழுவின் கூட்டம் போதும்.

அதுவரை குடும்பங்கள் வெளிநாட்டு ஜெனரிக்குகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அர்ஜென்டினாவில் காடோர் மும்மருந்துக் கூட்டையும் டிரிக்சாகார் என்ற பெயரில் தயாரிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதைத் தருவித்த மருத்துவர்கள் இன்னொரு உத்தியையும் கையாண்டார்கள். இந்த மூலக்கூறுகளை உடலில் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் சில உண்டு. கிளாரித்ரோமைசின் அவற்றில் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குறைந்த மாத்திரையே அதிக நேரம் இரத்தத்தில் நிற்கும்; செலவு சுருங்கும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் யாரும் முயலக் கூடாத உத்தி இது, ஏனென்றால் கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம்.

நமக்கு அருகிலேயே இன்னொரு வழி 2025 அக்டோபரில் தெரிந்தது. வங்கதேசத்தின் பெக்சிம்கோ நிறுவனம் டிரைகோ என்ற பெயரில் ஜெனரிக் மும்மருந்தை அறிவித்தது. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 12,750 டாலர், குழந்தைகளுக்கு 6,375 டாலர். இதற்குப் பின்னால் பல நாட்டுத் தாய்மார்களின் விடாத உழைப்பு இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, வளர்ச்சி மிகக் குறைந்த நாடுகள் 2033 வரை மருந்துக் காப்புரிமையை அமல்படுத்த வேண்டியதில்லை; பெக்சிம்கோ நிற்பது அந்த நிலத்தில். வங்கதேசம் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வெளியேறிவிட்டால் அந்தச் சலுகையும் போகும்.

இந்தியாவில் இருக்கும் நோயாளி, மருத்துவரின் சீட்டோடு படிவம் 12ஏயில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெற்று, சொந்தப் பயன்பாட்டுக்கான அளவு மருந்தைத் தருவித்துக்கொள்ளலாம். அரிய நோய் மருந்துகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்தால் சுங்க வரி இல்லை என்று 2023 ஏப்ரல் முதல் விலக்கு உண்டு. தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு அரசு தரும் உச்சத் தொகை 50 லட்சம் ரூபாய். 2019ஆம் ஆண்டின் அமெரிக்கப் பட்டியல் விலையில் அது பெரியவர் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாக வரும். பெக்சிம்கோ விலையில், ஆறு வயதில் மருந்தைத் தொடங்கும் குழந்தை பன்னிரண்டு வயதில் பெரியவர் அளவுக்கு மாறுகிறது என்று கொண்டால், பதிமூன்று வயதைத் தாண்டும் வரை வரும். லிவர்பூல் கணக்கின் விலையில், அதுவும் பெரியவர் அளவிலேயே, பத்தாண்டு வரும். பதிமூன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் மீதி வாழ்நாளுக்கு மருந்து வர வேண்டுமானால் அது ஹைதராபாத்திலோ அகமதாபாத்திலோ தயாராக வேண்டும். அங்கே அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.